கழிவுநீர்ப் பம்பு தன்னைத் தானே துப்புரவு செய்யும்போது

(சவுத்தால் வாழ் தமிழ்க் குடியிருப்பாளர்களுக்கான தகவற் கூட்டத்தில், கவுன்சிலின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சபைக்கு உகந்ததுதானா என்று சிலர் நினைக்கக்கூடும். மலசலகூடத்துக் கழிவும் குசினித் தொட்டியின் எச்சமும் நம் கண்ணை விட்டு மறைந்த பின் எங்கே போகின்றன, அவற்றை மேலே ஏற்றி அனுப்பும் பம்பு எவ்வாறு தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்கின்றது, அது தவறினால் யார் பணம் கட்டுவது என்பவையே இன்றைய பொருள். நான் பொறியியலாளன் அல்லேன். சட்டம் பயின்று மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக என் மேசைக்கு வரும் கடிதங்களில் இந்தப் பம்பைப் பற்றிய பேச்சு மேன்மேலும் கூடி வருகின்றது.

அவ்வாறு வந்த ஒரு கடிதத்திலே ‘ஆன்டி ராகிங்’ என்றொரு தொடர் இருந்தது. மாடிக் கட்டடம் ஒன்றின் பம்பில் அவ்வசதி பொருத்தப்பட்டுள்ளது என்று நிர்வாக நிறுவனம் எழுதியிருந்தது. ராகிங் என்றதும் பேராதனையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் நினைவுக்கு வர, ‘பகிடிவதைத் தடுப்பு’ என்று எழுதப் பார்த்தேன். பம்புக்கு எவர் பகிடிவதை செய்வார்? விசாரித்தபோதுதான் தெரிந்தது, ‘ராக்’ என்பது இங்கே கந்தல் துணி. பம்பின் உள்ளே கந்தல் சுற்றிக்கொள்வதைத் தடுக்கும் ஏற்பாடே அது. அன்று பிழையாக மொழிபெயர்க்காமல் தப்பினேன். ஆனால் அத்தொடருக்குப் பின்னால் உள்ள விடயத்தை நம்மவர் அறிய வேண்டும் என்ற எண்ணம் அன்றே பிறந்தது.

சவுத்தாலின் கழிவுநீர் தாழ்வை நோக்கி ஓடும் இயல்பைக் கொண்டே அயில்வர்த்தில் உள்ள மொக்டன் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிச் செல்கின்றது. 1936 இல் திறக்கப்பட்ட அந்நிலையம், மேற்கு மிடில்செக்சில் சிதறிக் கிடந்த சிறு நிலையங்கள் பலவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டது; இன்று ஏறத்தாழ 20 இலட்சம் மக்களின் கழிவுநீர் அங்கே சேர்கின்றது. வீதியின் கீழ் உள்ள பொதுக் குழாயைவிட உயரத்தில் உங்கள் கழிப்பறை இருக்கும்வரை பம்பு வேண்டியதில்லை. நிலக்கீழ் அறையில் குளியலறை அமைத்தாலோ, உணவகத்தின் சமையலறை கீழ்த்தளத்தில் இருந்தாலோ, நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துடன் எழும்பிய புதிய மாடிக் கட்டடமாக இருந்தாலோ நிலைமை வேறு. கழிவு முதலில் ஒரு சேகரிப்புக் கிணற்றில் விழும். நீர் மட்டம் குறித்த உயரத்தை எட்டியதும் பம்பு அதனை மேலே ஏற்றிப் பொதுக் குழாயில் விடும்.

நம்மில் பலர் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்தவர்கள். அங்கே வளவுக்குள்ளே மலக்குழி. அதற்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் விட வேண்டும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். குழி நிரம்பினால் நம் வளவுதான் நாறும். இங்கே நாம் விடுவது அடுத்த வீட்டுக்காரரின் நிலத்தில் மேலெழும்பக்கூடும் என்பதுதான் வேறுபாடு.

இனி அடைப்புக்கு வருவோம். பம்பின் உள்ளே ‘இம்பெல்லர்’ எனப்படும் சுழல்சக்கரம் இருக்கின்றது. ‘வெட் வைப்ஸ்’ என்று விற்கப்படும் ஈரத் துடைதாள், மாதவிடாய்த் துணி, பல்லிடை நூல், தலைமயிர் ஆகியவை அதன் விளிம்பில் மாட்டிக்கொண்டு கயிறுபோல் முறுக்கேறுகின்றன. கழிப்பறைத் தாள் நீரில் கரைந்து சிதையும். ஈரத் துடைதாள் அவ்வாறு சிதையாது. பிளாஸ்டிக் கலந்தவற்றின் விற்பனையைத் தடுக்கும் விதிகள் இயற்றப்பட்டுள்ளன. ஆயினும் பிளாஸ்டிக் இல்லாத துடைதாளும் பம்பைச் சுற்றவே செய்யும். ஆதலால் அந்த விதிகள் வந்ததைக் கொண்டு இனிக் கவலையில்லை என்று எவரும் இருந்துவிட வேண்டாம்.

மற்றையது கொழுப்பு. இதில் நம் சமையலுக்கென்று ஒரு தனி இயல்பு உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். யாழ்ப்பாணத்தில் போத்தலில் தெளிவாக நின்ற எண்ணெய், இங்கே அலுமாரியிலேயே வெண்கட்டியாக நிற்பதை நீங்கள் ஒவ்வொருவரும் கண்டிருப்பீர்கள். நெய்யும் அவ்வாறே. குளிர்ந்த நிலத்தின் கீழுள்ள குழாயில் அது என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? சுடுநீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றினால் போய்விடும் என்பார்கள். போவது உண்மை; சில யார் தூரம் தள்ளிப்போய், சூடு ஆறியதும் அங்கே உறையும். 2017 செப்ரெம்பரில் வைட்சப்பல் வீதியின் கீழே கண்டுபிடிக்கப்பட்ட கொழுப்புப் பாறை 250 மீற்றர் நீளமும் 130 தொன் எடையும் கொண்டது என மதிப்பிடப்பட்டது. அதன் ஒரு துண்டு மறு ஆண்டில் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. எண்ணெயும் துடைதாளும் சேர்ந்து, சீமெந்தும் கம்பியும் போல, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளர்ந்த பாறை அது.

பம்பு தன்னைத் துப்புரவு செய்துகொள்வது எவ்வாறு? கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பம்பின் வயிறு தெரியாது. பெரும்பாலும் அது அறிவது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையே. கந்தல் சுற்றிக்கொண்டால் சக்கரம் சிரமப்பட்டுச் சுழலும், மின்னோட்டம் கூடும். அவ்வாறு கூடியது சில விநாடிகள் நீடித்தால், பெட்டி பம்பை நிறுத்துகின்றது. சக்கரமும் குழாயிலுள்ள நீரும் அமைதியடையச் சற்றுக் காத்திருக்கின்றது. பின் சில விநாடிகள் எதிர்த்திசையில் மெதுவாகச் சுழற்றுகின்றது. மீண்டும் நிறுத்தி, முன்திசையில் முழு வேகத்தில் ஓட்டுகின்றது. நூற்கட்டில் சிக்கு விழுந்தால் நாம் முன்னும் பின்னும் இழுத்து விடுவிப்பதைப் போன்றதுதான். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்ததும் கந்தல் கழன்று, நீரோடு வெளியேறிவிடும்.

இவையெல்லாம் யாரோ ஒருவர் பெட்டியில் எண்களைப் பதிந்து வைத்தபடியே நடக்கின்றன. அந்த எண்கள் சரியாக இருக்கின்றனவா என்பதில்தான் உங்கள் பணமும் கீழ்த்தளத்தவரின் தரைவிரிப்பும் தங்கியுள்ளன. எடுத்துக்காட்டாக, துப்புரவான பம்பு ஒன்று 8 அம்பியரில் ஓடுகின்றது என்றும், மோட்டாரைக் காக்கும் பாதுகாப்புக் கருவி 11 அம்பியரில் அதனை நிறுத்திவிடும் என்றும் கொள்வோம். துப்புரவு தொடங்க வேண்டிய எல்லை இவ்விரண்டுக்கும் இடையே இருத்தல் வேண்டும். 8 க்கு மிக அருகில் வைத்தால் பம்பு வீணாக அடிக்கடி நின்று திரும்பும். 11 க்கு மிக அருகில் வைத்தால் துப்புரவு தொடங்கும் முன்னரே பாதுகாப்புக் கருவி பம்பை நிறுத்திவிடும்; அந்த வசதி இருந்தும் இல்லாததற்குச் சமம். மோட்டார் புறப்படும் கணத்தில் மின்னோட்டம் இயல்பாகவே மிக உயரும் என்பதால், அந்தச் சில விநாடிகளைக் கணக்கில் எடுக்காதபடியும் அமைத்தல் வேண்டும்.

அந்த 8 என்ற அடிப்படை அளவைப் பம்பு துப்புரவாக இருக்கும்போது எடுத்தார்களா என்பது இன்னும் முக்கியமானது. ஏற்கெனவே பாதி அடைபட்ட பம்பின் அளவையே ‘இயல்பு’ என்று பதிந்துவிட்டால், நோயாளியின் காய்ச்சலையே சரியான உடற்சூடாகக் குறித்துவைத்த கதையாகும். வேறொரு நுணுக்கமும் உண்டு. நீர் உட்புகும் வாய் முழுவதும் அடைபட்டால், பம்பு தள்ளுவதற்கு நீரே இராது. அப்போது மின்னோட்டம் கூடுவதற்குப் பதிலாகக் குறையும். ஆதலால் மின்னோட்டத்தை மட்டும் நம்பாமல், பம்பு ஓடும்போது கிணற்றின் நீர் மட்டம் உண்மையில் இறங்குகின்றதா என்பதையும் பார்க்கும்படி அமைப்பது நன்று.

எதிர்த்திசையில் சுழற்றுவதற்கு முன் பம்பைச் செய்தவரின் அறிவுறுத்தலைப் பார்த்தே தீர வேண்டும். சில பம்புகளில் சுழல்சக்கரம் தண்டில் திருகி மாட்டப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் ஓடினால் அது கழன்று வந்துவிடும். தனி வீடுகளின் சிறு பம்புகள் பலவற்றில் இவ்வசதியே கிடையாது; கழிவை அரைத்து அனுப்பும் வெட்டுத் தகடுகளே அவற்றில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை முறை முயன்று பார்ப்பது என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். குறித்த சில முறைகளில் விடுபடாவிட்டால் பெட்டி அந்தப் பம்பை நிறுத்தி, இரண்டாவது பம்பிடம் வேலையை ஒப்படைத்து, எச்சரிக்கை அனுப்புதல் வேண்டும். இரண்டு பம்புகளும் ஒரே நேரத்தில் துப்புரவில் இறங்காதபடியும் அமைத்தல் வேண்டும். இல்லையேல் கழிவு ஏறிக்கொண்டிருக்கும்போது இறைப்பதற்கு எவரும் இல்லாமற் போகும்.

கிணற்றையும் மறந்துவிடலாகாது. பம்பு எப்போதும் ஒரே மட்டத்தில் தொடங்கி ஒரே மட்டத்தில் நின்றால், மேல்மட்டக் கோட்டில் கொழுப்பு வளையம் போலப் படியும். அது தடித்து உடைந்து விழும்போது பம்பை அடைக்கும். தொடங்கும் மட்டத்தைச் சற்றுச் சற்று மாற்றிக்கொண்டே இருக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. இடைக்கிடை வழமையைவிடக் கீழே வரை இறைத்து, மிதக்கும் கொழுப்பையும் இழுத்து வெளியேற்றும் வசதியும் உண்டு. நீருக்குள் மூழ்கியிருந்தே சூடு தணியும் மோட்டார்களில் இதனை அளவோடு செய்தல் வேண்டும்.

இவ்வளவு விரிவாக இதனைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இங்குள்ள மாடிக் கட்டடம் ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு குளிர்காலத்தில் பம்பு எரிந்து, கீழ்த்தள வீடுகளுக்குள் கழிவுநீர் புகுந்தது. புதுப் பம்பின் செலவு சேவைக் கட்டணமாக எல்லா வீடுகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டது. அக்கடிதத்தைத் தமிழில் விளக்கச் சென்ற என்னிடம், நான்காம் மாடியில் தனியே வாழும் ஓர் அம்மா கேட்டார்: “தம்பி, நான் தாளையும் தண்ணியையும் தவிர ஒண்டும் உள்ளுக்குப் போடுறேல்லை. நான் ஏன் காசு கட்டவேணும்?”

சட்டம் படித்தவனுக்கு அது எளிய கேள்வியன்று. பம்பிலிருந்து எடுத்ததாக நிறுவனம் காட்டிய படத்தில் ஈரத் துடைதாள்கள் முறுகிக் கிடந்தன. ஆகவே குடியிருப்பாளர் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெட்டியின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, முயற்சிகளுக்கு எல்லையே வைக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அடைபட்ட பம்பு இரவு முழுவதும் முன்னும் பின்னும் திரும்பித் திரும்பி, ஈற்றில் சூடேறி எரிந்திருந்தது. எச்சரிக்கை எவருக்கும் போகவில்லை. அடைப்புக்கு ஒரு பொறுப்பு, எரிந்ததற்கு வேறொரு பொறுப்பு. குடியிருப்பாளர்கள் எழுத்தில் இதனைச் சுட்டிக்காட்டிய பின், கட்டணத்தின் ஒரு பகுதியை நிறுவனம் தானே விலக்கிக்கொண்டது. மீதியை அந்த அம்மாவும் கட்டினார். அது முழு நியாயம் என்று நான் இன்றும் எண்ணவில்லை. ஆனால் பொதுக் கிணற்றில் எவருடைய துடைதாள் எது என்று பிரித்தறிய வழியில்லை.

இங்கே சட்டம் சொல்வதைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். 1991 ஆம் ஆண்டின் நீர்த் தொழில் சட்டம், 111 ஆம் பிரிவு, பொதுக் கழிவுக் குழாயையோ அதனுடன் இணைந்த வடிகாலையோ பழுதாக்கக்கூடிய, அதன் ஓட்டத்தைத் தடுக்கக்கூடிய எதையும் அதில் இடுவதைக் குற்றமாக்குகின்றது. உயர்ந்தபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறையாகவும் இருக்கலாம். உணவகம் நடத்துவோர் இதனைக் குறிப்பாக மனதிற் கொள்ளவும். சூடான உணவு சமைக்கும் இடங்களின் வடிகாலில் கொழுப்புப் பிரிப்பான் பொருத்துமாறு கட்டட விதிகளின் வழிகாட்டி ‘எச்’ அறிவுறுத்துகின்றது. வாடகைக்கு இருப்போரைப் பொறுத்தவரை, 1985 ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர் வாடகையாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவு வடிகாலையும் சுகாதார அமைப்புகளையும் திருத்திப் பேணும் கடமையை உரிமையாளர்மீது வைக்கின்றது. அதே வேளையில், தன் கழிவால் அடைபட்ட தொட்டியைத் தானே திறந்துவிடுவது வாடகையாளரின் கடமை என்று டெனிங் பிரபு ‘வாரன் எதிர் கீன்’ வழக்கில் கூறியதைச் சட்ட மாணவர் எவரும் மறக்க மாட்டார். குத்தகை உரிமையாளர்களுக்கு, நியாயமாக ஏற்பட்ட செலவு மட்டுமே சேவைக் கட்டணமாகும் என்பது அச்சட்டத்தின் 19 ஆம் பிரிவு. திருத்த வேலையொன்றின் பங்கு ஒரு வீட்டுக்கு 250 பவுணைத் தாண்டினால் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்பது 20 ஆம் பிரிவு. இணக்கம் ஏற்படாவிட்டால் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவை நாடலாம்.

பம்பு யாருடையது என்ற கேள்விக்கும் ஒரு திகதி உண்டு. பொதுக் குழாயுடன் இணைந்திருந்த தனியார் கழிவுக் குழாய்கள் பல 2011 ஒக்டோபர் 1 அன்று நீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாறின. நம் பகுதியில் அது தேம்ஸ் வாட்டர். அவற்றுடன் சேர்ந்த பம்பு நிலையங்கள் 2016 ஒக்டோபர் 1 க்குள் மாறின. ஆனால் ஒரு தனி வீட்டுக்கு மட்டும் உள்ள பம்பும், ஒரே உரிமையாளரின் வளவுக்குள் அமைந்த மாடிக் கட்டடத்தின் பம்பும் உரிமையாளரிடமே தங்கின. 2011 ஜூலைக்குப் பின் கட்டப்பட்டவையும் தாமாக மாறவில்லை. ஆகவே உங்கள் கட்டடம் எப்போது இணைக்கப்பட்டது என்று கேட்டறிவது பயனுள்ளது. கவுன்சில் வீடுகளில் வாழ்வோர் வீட்டுத் திருத்தப் பிரிவுக்கு அறிவித்தால் போதும்.

பணத்தைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பம்பு தானே அடைப்பை நீக்காவிட்டால், அதை யாரோ ஒரு மனிதர் நீக்க வேண்டும். கழிவுநீர்க் கிணற்றில் ஐதரசன் சல்பைட்டு வாயு தங்கும். அழுகிய முட்டை நாற்றத்தால் அறியலாம் என்பார்கள். ஆனால் செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே அது கெடுத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குபவர் மீள்வதில்லை. இந்தியாவில் 2013 இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் கழிவுக் குழாய்களில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. 2023 ஒக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததிலிருந்தே, சாவு நிற்கவில்லை என்பது விளங்கும். தமிழ்நாட்டிலும் அவ்வாறு இறந்தோர் பலர். அவர்கள் எந்தச் சாதியைச் சேர்ந்தவர்கள் என்பதை இச்சபையில் நான் சொல்லத் தேவையில்லை. இந்நாட்டில் 1997 ஆம் ஆண்டின் அடைபட்ட இடங்கள் பற்றிய விதிகள், இறங்காமல் செய்யக்கூடிய வேலைக்கு எவரும் இறங்கலாகாது என்கின்றன. இறங்கியே ஆக வேண்டுமானால் மீட்பு ஏற்பாடு முன்னரே இருத்தல் வேண்டும். உங்கள் கட்டடத்துக் கிணற்றில் எவராவது தனியே, கயிறும் வாயுமானியும் இன்றி இறங்குவதைக் கண்டால், அவரைத் தடுத்து நிர்வாகத்தை அழையுங்கள். அவர் கோபிப்பார், கோபிக்கட்டும்.

வருடாந்தக் கூட்டத்துக்குப் போகும்போது கேட்க வேண்டியவற்றை இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். நம் பம்பு தானே துப்புரவு செய்யுமா? சென்ற மாதம் எத்தனை முறை செய்தது, அதற்கு முன் எத்தனை? எத்தனை முயற்சிக்குப் பின் நிற்கும், நின்றால் எவருடைய தொலைபேசிக்குச் செய்தி போகும், மின்தடையின்போதும் போகுமா? பராமரிப்பாளர் வரும்போது இரண்டு பம்புகளின் மின்னோட்டத்தையும் குறித்துவைக்கின்றாரா? துப்புரவு எண்ணிக்கையைத் துண்டில் எழுதி மின்தூக்கிக்கு அருகே ஒட்டும்படி நான் ஒரு கட்டடத்தாரிடம் கேட்டுக்கொண்டேன், ஒட்டினார்கள். தைப்பொங்கல் வாரத்தில் அந்த எண் ஏறியதைப் பார்த்துவிட்டு, வடை சுட்ட எண்ணெயைப் போத்தலில் சேர்த்துக் குப்பையோடு போடத் தொடங்கினார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

இறுதியாக, பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தாலோ எச்சரிக்கை ஒலித்தாலோ செய்ய வேண்டியது. தனி வீட்டுப் பம்பின் தொட்டி ஒரு நாள் கழிவைத் தாங்கும் அளவில் இருத்தல் வேண்டும் என்பது வழிகாட்டியின் கணக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லீற்றர், ஐவர் உள்ள வீட்டுக்கு 750 லீற்றர். மாடிக் கட்டடத்தில் அந்த அவகாசம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆகவே உடனே சலவை இயந்திரத்தை நிறுத்துங்கள், குளிப்பதைப் பின்போடுங்கள், நீர் ஊற்றுவதைக் குறையுங்கள். கிணற்றின் மூடியைத் திறக்க வேண்டாம். பெட்டியின் பொத்தான்களை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். விளக்கு எரிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, கதவில் ஒட்டியிருக்கும் இலக்கத்துக்கு அழையுங்கள். கதவில் உள்ள அறிவித்தல் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தால், அதன் படத்தை எடுத்து என்னிடம் அனுப்புங்கள். தமிழில் எழுதித் தருகின்றேன்.